கருப்பு உப்பு

ஈஸ்டருக்கு இன்னும் மூன்று நாள்.
ப்ரேமனில் மழை நின்றும் நிற்காமலும்.
எங்கள் மூன்றாம் மாடி அடுக்களையில்
வீப்கே முட்டை செய்கிறாள்.
வாங்கவில்லை, அவிக்கவில்லை.
செய்கிறாள்.

சோயாப் பாலில் கடற்பாசித் தூள்,
இரண்டு நிமிடக் கொதி,
பொம்மைக் கடையில் வாங்கிய
பிளாஸ்டிக் முட்டைகளின் பாதிகளில் ஊற்றி
ஜன்னல் விளிம்பில் ஆறவைக்கிறாள்.
முட்டையிடும் கோழிக்குத்தான் வலி தெரியும் என்பார்கள்.
இங்கே கோழி கிடையாது.
வலி முழுக்க என் கட்டைவிரலுக்கு:
வெந்த கொண்டைக்கடலையை
ஒவ்வொன்றாகத் தோலுரிக்கிறேன்.

நான்கு கண்ணாடிக் குவளைகள்.
பீட்ரூட் சாறு. மஞ்சள், என் டப்பாவிலிருந்து.
கீரை தோற்றுவிட்டது,
குளத்துத் தண்ணீர்போலக் கலங்கி நிற்கிறது.
நாலாவதில்,
பெயரிலேயே முட்டையை வைத்திருக்கும்
சிவப்பு முட்டைக்கோஸ்.
அந்த ஊதாத் தண்ணீரில்
ஒரு சிட்டிகை சோடா உப்பு விழுந்ததும்
நீலம்.
வேதியியல் படித்தவள்தான் நான்.
ஆனாலும் கை தட்டினேன்.

இரவு முழுக்க ஊறவேண்டுமாம்.
இரண்டு மணி நேரம் பொறுத்தோம்.

பதினோரு வருடம், தினம் காலையில்
அரைவேக்காட்டு முட்டை தின்றவள்.
ஜனவரியில் விட்டாள்.
ஆண் குஞ்சுகளை என்ன செய்வார்கள் என்று
படித்தாளாம். சொல்லமாட்டேன் என்றாள்.
பிறகு சொன்னாள்.
அவளுடைய முட்டைக் கிண்ணத்தை மட்டும்
இன்னும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.

அவள் மொழியில் இதன் பெயர் சாத்தான் முட்டை.
பெரிய வியாழனன்றா? என்று கேட்டேன்.
காரத்தால் வந்த பெயர் என்று
அரைச் சிட்டிகை மிளகாய்த் தூள் தூவிவிட்டுக்
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏதோ குறைகிறது, என்றாள்.
நீ தின்று சொல்,
முட்டை மாதிரி இருக்கிறதா?

எனக்கு எப்படித் தெரியும், வீப்கே?
நான் வாங்கிய ஒரே முட்டை
எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில்.
(அந்த ஜோக் ஜெர்மனில் குஞ்சு பொரிக்கவில்லை.)

பெட்டியின் அடியில் தேடினேன்.
மோருக்கென்று கொண்டுவந்த கருப்பு உப்பு.
நகக்கண் அளவு போட்டுப் பிசைந்ததும்
அடுக்களையே வேறாகிவிட்டது.

தெரிந்த வாசம்.
நாக்குக்கு அல்ல, மூக்குக்கு.
திருச்சி, பீமநகர்.
ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து
கீழ்வீட்டு அருள்மேரி அக்கா ஆம்லெட் போடுவாள்.
அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.
ஒரு வார்த்தை பேசமாட்டாள்.
கொக்கி விழும் சத்தம் மட்டும்,
கீழே கேட்கும்படி.

ஒரு ஈஸ்டர் அன்று அக்காவின் மகள் செலின்
வெங்காயச் சருகில் அவித்த முட்டையை நீட்டினாள்.
செக்கச் செவேலென்று, சூடாக.
வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் சொன்னேன்.
காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு
மாடிக்கு ஓடிவிட்டேன்.
சாயங்காலம் அங்கேயே இருந்தது.
மறுநாள் காலையில் இல்லை.
காக்கையாக இருக்கவேண்டும்
என்று எத்தனை வருடம் வேண்டிக்கொண்டேன்.
செலின் எடுத்திருக்கக் கூடாது.

சாத்திவிடட்டுமா? என்கிறாள் வீப்கே,
கை ஜன்னல் பிடியில்.
பக்கத்து வீட்டுக்குப் போகுமே, இந்த நாற்றம்.

திறந்தே இருக்கட்டும்
என்கிறேன், தேவைக்கு மேல் சத்தமாக.
மழை கொஞ்சம் உள்ளே வருகிறது.
வரட்டும்.

நீலப் பாதி ஒன்றின் குழியில்
மஞ்சள் விழுதை ஸ்பூனால் குவித்து
என் கையில் வைக்கிறாள்.
கடற்பாசி பல்லில் வழுக்குகிறது.
கடலை. கடுகு. கடைசியில் அந்த உப்பு.
முழுவதையும் தின்றேன்.
விரலையும் நக்கினேன்.

முட்டைதான், என்றேன்.

அவளும் ஒன்று எடுத்தாள், ரோஸ் நிறத்தில்.
கண்ணை மூடி மென்றாள்.
ரொம்ப நேரம் மென்றாள்.

இல்லை, என்றாள்.
இது முட்டையே இல்லை.

இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.